மூணாவது கட்டம்

வா தம்பி, உள்ள வா. செருப்பக் கழட்ட வேணாம், தரையெல்லாம் புழுதி. கூட்டுற பொம்பளைக்கு லீவு குடுத்திருக்கேன். அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காரு. ஃபேன் போடலாம்னா காலையிலருந்து கரண்ட் இல்ல. என்ன? பக்கத்து மாவு மில்லு ஓடுதேங்கிறியா? அது வேற லைனுப்பா. டீக்கு ஆள் அனுப்பியிருக்கேன், வந்துருவான். அதுவரைக்கும் தண்ணி குடி. அந்தக் கொடத்து மேல மூடியிருக்கிற கண்ணாடிப் பலகைய எடுத்துக் கீழ வச்சுட்டு மோந்துக்க. பாத்து, போட்டு உடைச்சுறாத. அது மூடி இல்ல, ஷீல்டு. எனக்குக் குடுத்த ஷீல்டு. அந்தக் கண்றாவியப் பெறகு சொல்றேன்.

ஜீப்பு வேப்பமரத்தடியில நிக்குது, வரும்போதே பாத்திருப்ப. எஞ்சின்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. கண்ட சுமைய ஏத்தின வண்டி இல்ல. முன்சீட்டுல நான், பின்சீட்டுல எப்பவாச்சும் வெள்ளைக்காரங்க, அவ்வளவுதான் அது சுமந்த பாரம். பின்சீட்டக் கழட்ட வருமான்னா கேக்குற? கழட்டுறதுக்கு நாலு போல்ட்டுதான், ஆனா எதுக்குக் கழட்டணும்? குஷன் சீட்டுப்பா அது. சரி, உன் வண்டி, உன் இஷ்டம்.

கண்ணாடியில ஒட்டியிருக்கிற கொடியா? அது ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக் கொடி. எந்த நாடுன்னு கேக்காத, பேரச் சொன்னா எனக்கு வயிறு எரியும். சுரண்டினா வராது, நான் பிளேடு வச்சே பாத்துட்டேன். ஒட்டுற வேலையில மட்டும் அவனுகளக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு வாளி வாங்கினாலும் வாளியில கொடி ஒட்டணும், போட்டோ எடுத்து அனுப்பணும். முள்ளிக்குண்டுன்னு ஒரு ஊருல கக்கூசு கட்டினோம், அதுக்கும் கொடி. அந்த ஊருப் பொம்பளைக கொடியப் பாத்துட்டு, என்னமோ சாமி வாசல் மாதிரி, செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டுக் கக்கூசுக்குள்ள போனாளுக. சிரிக்காத. நான் போயி ஒவ்வொருத்திக்கும் சொல்லித் திருத்த வேண்டியதாப் போச்சு. அப்படிப்பட்ட சனத்தத்தான் நான் ஆளாக்கினேன்.

உனக்கு என்னையத் தெரியாதுல்ல? முதுகுளத்தூர்க்காரன்னுதான சொன்ன. சந்தியாகுன்னா இந்தச் சாயல்குடி ரோட்டுல கேட்டுப் பாரு. நான்தான் இந்தத் தொண்டு நிறுவனத்துக்குச் செயலாளர். இப்பவும்தான். போர்டு கீழ விழுந்து கெடக்கேன்னு பாக்காத, காத்துல விழுந்துருச்சு. ஆணி அடிக்க ஆள் சொல்லியிருக்கேன்.

அந்த நாட்டு அரசாங்கம் வருசா வருசம் ஏழை நாட்டுக்குன்னு கொஞ்சம் பணத்த ஒதுக்கி வைக்கும். நேரா நம்ம கையில குடுக்காது. அவங்க ஊர்த் தொண்டு நிறுவனம் ஒண்ணு மனுப் போடணும், அதுக்கு இங்க வேலை பாக்க என்னைய மாதிரி ஒருத்தன் வேணும். மூணு வருசம் ஒரு கட்டம். கட்டம் முடிஞ்சா மறுபடி மனு. வெளியிலருந்து பாக்கிறவனுக்கு, ஆகா, சந்தியாகுக்கு டாலரு கொட்டுதுன்னு தோணும். உள்ள இருக்கிற இம்சை எவனுக்குத் தெரியும்? முடிஞ்ச கட்டத்துக்கு அறிக்கை எழுதணும், வரப்போற கட்டத்துக்கு மனு எழுதணும். அறிக்கையில சனம் நிமிந்து நிக்கணும். மனுவுல அதே சனம் படுத்துக் கெடக்கணும். ரெண்டையும் ஒரே வாரத்துல, ஒரே ஊரப் பத்தி எழுதணும். நீ எழுதிருவியா? எழுதிப் பாரு, அப்பத் தெரியும் தொண்டுன்னா என்னன்னு.

ரெண்டு கட்டம் நான் வாங்கினேன். முள்ளிக்குண்டு என்ன ஊருங்கிற அப்ப? கருவேலங்காடு. மழைய நம்பி முண்டு மிளகா போடுவாக. காயிறதுக்கு இடமில்லாம ரோட்டுல கொட்டிக் காயப்போடுவாக, லாரி ஏறிட்டுப் போகும். மிச்சத்த அப்படியே கமிஷன் கடைக்காரன் அவன் சொன்ன வெலைக்கு அள்ளிட்டுப் போவான். நான்தான் முதக் கட்டத்துல சிமிண்டுக் களம் போட்டேன். ரெண்டாங் கட்டத்துல குடோன் கட்டினேன். வெலை ஏறுற வரைக்கும் மிளகா வத்தல அடைச்சு வச்சு, பெறகு நேரா வித்துக்கங்கடின்னு சொல்லிக் குடுத்தேன். பொம்பளைகளச் சங்கமாச் சேத்து, அதுக்குத் தலைவியா ஒருத்தியப் போட்டேன். இருளாயின்னு பேரு. இந்த வாயாலதான் போட்டேன். என் வாயில மண்ணு!

அவ அப்ப எப்படி இருப்பாங்கிற? புருசன் செத்து, ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு, கரிமூட்டத்துல வெறகு அடுக்கிக்கிட்டுக் கெடந்தா. நாலு பேருக்கு முன்னாடி பேரச் சொல்லச் சொன்னா முந்தானைய வாயில அமுக்கிக்குவா. நான்தான் பேசக் கத்துக்குடுத்தேன். "நிமிந்து பாரு இருளாயி, பயப்படாத இருளாயி, உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு இருளாயி"ன்னு. வருசக்கணக்காச் சொன்னேன். சொன்னதுக்கு நல்லாக் குடுத்தா எனக்கு.

இன்னொண்ணு சொல்றேன் கேளு, அவ புத்தி எப்படிப்பட்டதுன்னு நீயே தெரிஞ்சுக்க. ஒரு மாசி மாசம், களம் பூரா வத்தல் காயுது, காலங்கெட்ட மழை இருட்டிக்கிட்டு வருது. குடோன் இன்னும் கட்டி முடியல. அந்த நேரம் பாத்து நான் ஜீப்புல அங்க போயி எறங்குறேன். ஓடியாந்து, "சார், நாலு நடை மூட்டைய ஏத்திப் பள்ளிக்கூடத்துல எறக்கிருவோம் சார்"ங்கிறா. எப்படி இருக்கு கதை? திட்ட வண்டி திட்ட வேலைக்குத்தான். வத்த மூட்டைய ஏத்தினா அந்த நெடி குஷன்ல ஏறி, மறுவாரம் வர்ற வெள்ளைக்காரம்மா தும்மிக்கிட்டேவா வரும்? முடியாதுன்னுட்டேன். விதின்னா விதிதான? நனைஞ்சுச்சு. நனைஞ்ச வத்தல் கறுத்துப்போச்சு. நான் என்ன செய்யட்டும், மழைய நானா கூட்டியாந்தேன்? அதயும் அறிக்கையில "காலநிலைப் பாதிப்பு"ன்னு எழுதி, குடோனுக்குக் கூடுதல் நிதி வாங்கினது நான்தான். அத எவளும் சொல்ல மாட்டா. ஜீப்புல ஏத்தல, ஜீப்புல ஏத்தலன்னு அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளுக.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மூணாவது கட்டம். இதுதான் பெரிய கட்டம். பக்கத்து ஊரெல்லாம் சேத்து, பயிற்சி மையம், இந்த ஆபீசுக்கு மாடி, நம்ம ஆளுக எல்லாருக்கும் சம்பளம், எல்லாம் அதுலதான் இருந்துச்சு. மனு போயிருச்சு. அங்க எல்லாருக்கும் பிடிச்சிருச்சு. கடைசியா ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. அந்த அரசாங்கத்து ஆபீசர் ஒருத்தர் நேருல வந்து, பொம்பளைக வாயால, "எங்களுக்கு இன்னும் உதவி வேணும்"ங்கிறதக் கேட்டுட்டுப் போகணும். அவ்வளவுதான். கையில வந்த சோறு, வாயில வைக்கணும், அவ்வளவுதான்.

மொத நாளு நானே போயி ஒத்திகை பாத்தேன். இந்தத் தொழில்ல ஒத்திகை இல்லாம எவனும் ஆபீசரக் கூட்டிட்டுப் போக மாட்டான், அத மோசடின்னு நெனைக்காத. கல்யாண வீட்டுல பிள்ளைக்குச் சேலை கட்டி விடுறதில்லையா? அது மாதிரி. நான் ஆபீசராட்டம் களத்துல சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?"னு கேக்குறேன். இருளாயி எந்திரிச்சா. சொன்னா பாரு! தண்ணிக்கு அலையிறதச் சொன்னா, மழையில நனைஞ்ச வத்தலச் சொன்னா, மகன் படிப்பு நிண்டதச் சொன்னா. கண்ணுலருந்து பொலபொலன்னு கொட்டுது. ஒத்திகைங்கிறதே எனக்கு மறந்துபோச்சுன்னா பாத்துக்கயேன். "இதே போதும் தாயி, நாளைக்கு இத அப்படியே சொல்லு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.

மறுநாள் அந்தம்மா வந்துச்சு. ஹெல்கான்னு பேரு. வயசான பொம்பளை, ஒல்லி, வெயில்ல மூஞ்சி செவந்துபோயிருச்சு. பேசுறத மாத்திச் சொல்றதுக்கு எப்பவும் நான்தான் நிப்பேன். ஆனா இந்தம்மா சென்னையிலருந்து ஒரு பிள்ளையக் கூட்டியாந்திருந்துச்சு. வந்த அம்மா சேர்ல உக்காரணும்ல? அதுக்குன்னு வாடகைக்கு நல்ல சேர் எடுத்துப் போட்டிருக்கேன். வேணாம்னுட்டுத் தரையில, பொம்பளைகளோட பொம்பளையா, சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. இவளுக என்ன செஞ்சாளுக தெரியுமா? ஆளுக்கொரு வீட்டுலருந்து சோறு, கருவாட்டுக் கொழம்பு, அவிச்ச முட்டைன்னு கொண்டாந்து அடுக்குறாளுக. வறுமையக் காட்டுங்கடின்னா விருந்து வைக்கிறாளுக! அந்தம்மாவும் கையால பெசஞ்சு சாப்பிடுது. இருளாயி பக்கத்துல உக்காந்து விசிறுறா. நான் கண்ணக் காட்டுறேன், அவ என்னையத் திரும்பியே பாக்கல.

சாப்பிட்டு முடிச்சு, கையக் கழுவிட்டு, அந்தம்மா கேட்டுச்சு. அந்தச் சென்னைப் பிள்ளை அழகாத்தான் தமிழ்ல சொல்லுச்சு. "அடுத்த மூணு வருசத்துக்கு உங்களுக்கு என்ன வேணும்? எதுன்னாலும் மனசு விட்டுக் கேளுங்க."

இருளாயி எந்திரிச்சா. நான் மனசுக்குள்ள மாதாவ வேண்டிக்கிட்டேன். அவ நிமிந்து அந்தம்மா மூஞ்சியப் பாத்தா. பெறகு சொல்றா, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. நல்லா இருக்கோம். நீங்க வயிறாரச் சாப்பிட்டீங்களா?"

"மேடம், இவங்க வெக்கத்துல சொல்றாங்க"ன்னு நான் இங்கிலீசுல பாஞ்சேன். அந்தம்மா என்னையப் பாத்துக் கையத் தூக்கி, பொறுங்கங்குது. அதோட விட்டாளா பாவி? குடோனுக்குள்ள போனா. ஒரு மூட்டை வத்தலத் தரதரன்னு இழுத்தாந்து அந்தம்மா காலடியில வச்சா. மொதத் தரமான வத்தல், தம்பி. வச்சுட்டு என்ன சொன்னாங்கிற? "உங்க ஊருலயும் இல்லாதபட்ட பொம்பளைக இருப்பாகள்ல? அவுகளுக்குக் குடுங்க"ங்கிறா! நாட்டுக்கு நாடு உதவித் திட்டம் நடத்துறா இவ! கரிமூட்டத்துல கெடந்த கழுதை!

அந்தம்மா அழுதுருச்சுப்பா. சந்தோசத்துல. அந்த மூட்டையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சு. அடுத்த மாசம் அந்த நாட்டுலருந்து எனக்குப் போன் வருது. "வாழ்த்துகள் மிஸ்டர் சந்தியாகு. உங்க திட்டம் முழு வெற்றி. மக்கள் சொந்தக் கால்ல நிக்கிறாங்க. இலக்க எட்டியாச்சு. இனிமே இந்த நிதி வேற நாட்டுக்குப் போகுது." முடிஞ்சுபோச்சு. மாடி போச்சு, மையம் போச்சு, மூணாவது கட்டமே போச்சு. எனக்கு என்ன குடுத்தான்? அந்தா, கொடத்து மேல இருந்துச்சே, அதக் குடுத்தான். சிறந்த திட்டமாம். கண்ணாடி நல்ல கனம், கொடத்துக்குச் சரியா இருந்துச்சு.

நேரா அவகிட்டப் போயி நின்னேன். "ஏன்டி, என் குடியக் கெடுத்தியே, முந்தின நாளு அந்த அழுகை அழுதியே, மறுநாளு உன் நாக்குல எது வந்து உக்காந்துச்சு?"ன்னு கேட்டேன். தெருவே கூடிருச்சு. அவ கொரல ஒசத்தல. "வீடு தேடி வந்து, நம்ம சோத்தத் தின்னவுககிட்ட, எங்களுக்கு அது இல்ல இது இல்லைன்னு எப்படி சார் சொல்றது? அவுக அன்னியத்து மனுசி. எங்க ஊருல அந்தப் பழக்கம் இல்ல. நாக்கு எந்திரிக்கல"ங்கிறா. "அப்ப எங்கிட்ட மட்டும் எப்படிடீ எந்திரிச்சுச்சு?"ன்னேன். "நீங்க நம்ம ஆளு சார். உங்ககிட்ட அழலாம்ல"ங்கிறா.

பேச்சப் பாத்தியா? நம்ம ஆளாம். நம்ம ஆளு கழுத்தத்தான் அறுப்பாளாம், அன்னியத்து ஆளுக்குக் கருவாட்டுக் கொழம்பு வைப்பாளாம். காறித் துப்பிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்த ஊருப் பக்கம் தல வச்சுப் படுக்கல.

ஆளுக எல்லாம் போயிட்டாக. டிரைவர் போயிட்டான். எங்க வீட்டம்மா திருச்சியில மகள் வீட்டுல இருக்கா, பேரனப் பாக்கப் போயிருக்கா. தீபாவளிக்குப் போனா. வந்துருவா. நான் இங்கயே தங்கிக்கிட்டேன், ஆபீசப் பாக்க ஆள் வேணும்ல? அந்த மூலையில இருக்கிற ஸ்டவ்வா? அது சும்மா சுடுதண்ணி வைக்க. ராத்திரிக்குப் பெரும்பாலும் நான் சாப்பிடுறதில்ல. உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு.

சரி, என் பாட்ட விடு. எங்க கணக்குல வந்த வண்டி, விக்கிறதுக்கு வேண்டிய அனுமதியெல்லாம் ஒழுங்கா இருக்கு. சொன்ன வெலை சொன்னதுதான், அதுல பேரம் பேசாத. பேசல, சரி. நல்ல பையனா இருக்க. வண்டிய யாரு பேருக்கு மாத்தணும்? உன் பேருக்கா? போசுன்னுதான சொன்ன?

என்னது? சங்கத்துப் பேருக்கா?

எந்தச் சங்கம்? சத்தமாச் சொல்லு.

முள்ளிக்குண்டா? இவ்வளவு நேரம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? முதுகுளத்தூர்னு சொன்னியேடா! முதுகுளத்தூருல வேலைதான் பாக்குறியா? அந்த இருளாயி அக்கா மகனா நீ? அட துரோகி! மூணாம் மனுசன்னு நெனச்சு என் குடலையெல்லாம் உருவிப் போட்டுட்டேனே! அப்ப அந்தப் பின்சீட்டக் கழட்டுறது மூட்டை ஏத்தத்தானா? அதான் வந்ததும் வராததுமா அதக் கேட்டியா?

மாட்டேன். குடுக்க மாட்டேன். போ. வத்த மூட்டை ஏத்துறதுக்கு என் ஜீப்பு கேக்குதாக்கும் அவளுக்கு? நான் உக்காந்த முன்சீட்டுல அவ உக்காந்து, இந்த ரோட்டுல, என் ஆபீசு வாசல் வழியாப் போவா, நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? இரும்புக் கடைக்குப் போட்டாலும் போடுவேன், அவளுக்குக் குடுக்க மாட்டேன். எந்திரி. போன்னா போ.

இரு. எங்க போற? போன்னா ஒடனே போயிருவியா? பெரியவன் ரெண்டு வார்த்தை கோவத்துல சொன்னா நிண்டு கேக்குறதில்லையா? உக்காரு. அதுல இல்ல, ஸ்டூல்ல.

வெலையில ஒரு பைசா கொறைக்க மாட்டேன், அதச் சொல்லிரு அவகிட்ட. கொறைக்கச் சொல்லலையா? கேட்டதக் குடுத்துட்டு வரச் சொன்னாளா? ஓகோ. அவ்வளவு ஆயிருச்சா. குடோன் போட்டது நானு, களம் போட்டது நானு, பேசக் கத்துக்குடுத்தது நானு. அதையும் சொல்லிரு. சொல்லணும், மறந்துறாத. இந்தா சாவி. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டிப் போடாத, பதமாப் போடு. மழைக்காலத்துல காலையில ஒடனே ஸ்டார்ட் ஆகாது, கொஞ்சம் பொறுத்துத் திருப்பணும். கொடி ஸ்டிக்கர அவ சுரண்டச் சொன்னா கண்ணாடியில கீறல் விழும்னு சொல்லு.

ஏன் இன்னும் நிக்கிற? அதான் சாவியக் குடுத்துட்டேன்ல.

கேட்டுட்டு வரச் சொன்னாளா? எத?

எனக்கு என்ன வேணும்னா?

அவளா கேட்டா? அப்படியேவா சொன்னா, "எதுன்னாலும் மனசு விட்டுக் கேக்கச் சொல்லு"ன்னு?

எனக்கென்னப்பா கொறை. ஒண்ணும் வேணாம்னு சொல்லு. நல்லா இருக்காருன்னு சொல்லு. ஆபீசு நல்லா நடக்குது, ஆளுக வர்றாக போறாகன்னு சொல்லு. அந்த டீக்குப் போனவனத்தான் இன்னும் காணோம், எங்க போயித் தொலைஞ்சானோ.

தம்பி, நீ சாப்பிட்டியா?